நாற்பத்து மூன்று கதாநாயகர்களின் அம்மா

கெய்ரோவில் திரைப்படப் பெண்களைக் கௌரவிப்பதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. நாலு மாடி, இரண்டு லிஃப்ட், வாசலில் ஒரு பெண் சிலை என்று ஏக தடபுடல். லிஃப்ட் இரண்டும் ஓடாது. சிலைக்குத் தலை இன்னும் வந்து சேரவில்லை. எந்த நடிகையின் முகத்தை வைப்பது என்று வாரியத்தின் ஏழு உறுப்பினர்களும் பதினோரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழு பேரும் ஆண்கள். தேநீர் போடுகிறவரும் ஆண்தான். பெண்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது வாரியத்தின் முதல் விதி.

அந்தக் கட்டடத்தின் படிகளில் ஒரு வியாழக்கிழமை காலை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள் இன்ஷிரா. வயது அறுபத்து நான்கு. எகிப்தில் அவள் முகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது, பெயரைத் தெரிந்தவர்களும் கிடையாது. காய்கறிக்காரனிலிருந்து போக்குவரத்துப் போலீஸ்காரன் வரை எல்லோருக்கும் அவள் அம்மா. நாற்பத்து மூன்று படங்களில் கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்தவள். மகன் சண்டைக்குக் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இறைவனிடம் துஆ கேட்பது, அவன் சிறையிலிருந்து திரும்பும்போது மயங்கி விழுவது, தப்பான பெண்ணைக் காதலித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது, சரியான பெண்ணைக் கட்டினால் குலவை இடுவது என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

எடுத்த எடுப்பில் அவள் அம்மாவாகிவிடவில்லை. இருபத்தாறு வயதில் இஸ்ஸத் என்ற கதாநாயகனுக்குக் காதலியாக நடித்தாள். முப்பத்து நாலு வயதில் அதே இஸ்ஸத்துக்கு அம்மா. இத்தனைக்கும் அவன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். தலையில் கொஞ்சம் மாவு தூவினால் போதும் என்றார்கள், தூவினார்கள். சில வருடங்களில் மாவுக்கு வேலையில்லாமல் போனது. இஸ்ஸத்துக்கு மட்டும் வருடாவருடம் கறுப்பு மை கூடுதலாகச் செலவாகிறது. எழுபது வயதில் அவன் இன்னும் காதலன்தான்.

சொந்த வாழ்க்கையில் இன்ஷிராவுக்குப் பிள்ளை கிடையாது. ஒரு கல்யாணம் நடந்து மூன்றாவது வருடமே முடிந்தது. பிறகு ஷுப்ரா பகுதியில் ஒரு நாலாவது மாடி வீடு, அவள், ஒரு வானொலிப் பெட்டி. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் கீழே கடைக்காரர் ரொட்டி வைத்து அனுப்புவார். "ரெண்டு போதுமாம்மா?" என்று அவர் கேட்பார். "ரெண்டே ஜாஸ்தி" என்பாள் இவள். சில நாட்களில் அவள் வாயைத் திறந்து பேசுகிற மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் போன மாதம் ஷுரூக் என்ற பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். இருபத்தொன்பது வயது, கலைந்த தலை, கையில் பன்னிரண்டு பக்கம். தன் முதல் படத்தை எடுக்கப்போகும் இயக்குநர்.

"இதுல உங்களுக்கு மகன் கிடையாது மேடம்" என்றாள்.

"செத்துட்டானா?"

"பொறக்கவே இல்ல."

"அப்ப புருஷன் வெளிநாட்டுல இருக்காரா?"

"அதுவும் இல்ல. நிஃமத்னு ஒரு பொம்பள. வீட்டுக்கு வர்றா, சமைக்கிறா, உக்காந்து சாப்பிடறா. இருபத்திரண்டு நிமிஷம். யாரும் கதவத் தட்ட மாட்டாங்க."

"கேமரா எங்க இருக்கும்?"

"உங்க எதிர்லதான். வேற எங்க?"

இன்ஷிரா அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் தடவிக்கொண்டே இருந்தாள். நாற்பது வருடத்தில் கேமரா அவளை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. எப்போதும் ஒரு மகனின் தோளுக்கு மேலாகத்தான் எட்டிப் பார்க்கும். தோளும் காதும் தெளிவாக இருக்கும், அவள் பின்னால் மங்கலாக அழுதுகொண்டிருப்பாள். இந்த ஒரு வேடமாவது கிடைக்காமல் செத்துப்போனால் தான் இருந்ததற்கே அடையாளம் இருக்காது என்று அவளுக்குப் பட்டது. இவ்வளவு ஆசை அவளுக்கு எதன்மேலும் வந்ததில்லை. வந்தபோது பயமாகக்கூட இருந்தது.

ஆனால் பெண் பாத்திரம் எதுவானாலும் படத்துக்கு வாரியத்தின் உறவுச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் படம் பெட்டியிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆண் பாத்திரங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை, அவர்கள் பாட்டுக்கு இருக்கலாம். அதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் படியேற்றம்.

மூன்றாவது மாடியில் ராகிப் உட்கார்ந்திருந்தார். உறவுச் சான்றிதழ்ப் பிரிவின் எழுத்தர். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, காதில் பென்சில். இன்ஷிராவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க ஹாஜ்ஜா, வாங்க! உங்க மயக்கம் போட்டு விழுற சீன் பார்த்து எங்க வீட்ல ரெண்டு நாள் யாரும் சாப்பிடல."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகலப்பா."

"அம்மாவா நடிச்சா போகாமலே ஹாஜ்ஜாதான்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் ராகிப். படிவத்தை எடுத்து அவரே நிரப்பவும் ஆரம்பித்தார். ஐந்து கேள்விகள் மளமளவென்று முடிந்தன. ஆறாவதில் பென்சில் நின்றது.

ஆறாவது கேள்வி: பாத்திரம் யாருக்கு என்ன உறவு?

"யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள் இன்ஷிரா.

"அப்படி எழுத முடியாதும்மா. இதோ அச்சடிச்சிருக்கு பாருங்க. காதலி, மனைவி, அம்மா, மாமியார், விதவை, வேலைக்காரி, மனம் திருந்திய நடனக்காரி. ஏழுல ஒண்ணு டிக் அடிச்சிட்டு எதிர்ல ஆம்பள பேரு எழுதணும். வேலைக்காரின்னாகூட யாரு வீட்டு வேலைக்காரின்னு எழுதணும்."

"இவ தனியா இருக்கா ராகிப்."

"தனியாவா?" ராகிப் குரலைத் தாழ்த்தினார். "அப்படி ஒரு பொம்பள எகிப்துலயே கிடையாதும்மா."

"நான் இருக்கேனே."

"நீங்க நாட்டுக்கே அம்மா. நீங்க எப்படித் தனியா இருப்பீங்க?" என்று ராகிப் மனசாரச் சிரித்தார். அவர் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் அவளைக் கஷ்டப்படுத்தியது. ஆறாவது கேள்வி காலியாக இருக்கும் படிவத்தை நிராகரிக்கவும் தனக்கு அதிகாரம் இல்லை, ஏற்கவும் அதிகாரம் இல்லை, ஆகையால் விஷயம் குழுவுக்குப் போகும் என்றார்.

அடுத்த வாரம் குழு கூடியது. இன்ஷிராவையும் ஷுரூக்கையும் சுவர் ஓரமாக உட்காரவைத்தார்கள். சுவர் முழுக்க வாரியம் தயாரித்த நூற்றாண்டு வரைபடம், நூறு வருடத்துத் திரைப்பெண்களின் புகைப்படங்களோடு. ஒவ்வொரு படத்தின் கீழும் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று எழுதியிருந்தது. ஊமைப்பட காலத்து வரிசையில் ஒரு பெண் தொப்பி போட்டுக்கொண்டு, கேமராவின் கைப்பிடியைச் சுற்றியபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"இவங்க யாரு?" என்று கேட்டாள் இன்ஷிரா.

"சொந்தக் கம்பெனி வெச்சு அஞ்சு படம் எடுத்தவங்க" என்றார் ராகிப். "யாரோட மனைவின்னு ஆராய்ச்சி நடக்குது. தெரிஞ்சதும் பேர் போட்டுருவோம்."

தலைவர் டாக்டர் ஷவ்கத் தொண்டையைக் கனைத்தார். எதில் டாக்டர் என்று கேட்ட ஒரு உறுப்பினர் முன்பு இருந்தார், இப்போது இல்லை.

"சகோதரர்களே! பெண்ணுக்கு நம்முடைய சினிமா கொடுத்த உயர்வை இந்த வரைபடத்தில் பாருங்கள். ஆரம்ப காலத்தில், பாவம், அவர்களே கம்பெனி நடத்தினார்கள், அவர்களே கதை எழுதினார்கள், அவர்களே இயக்கி அவர்களே நடித்தார்கள். என்ன ஒரு சுமை! அந்தச் சுமையை ஆண்களாகிய நாம் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தோம். முதலில் கம்பெனியை வாங்கிக்கொண்டோம். பிறகு கேமராவை. அறுபதுகளில் அவளைத் திரையில் டாக்டராக்கினோம், வக்கீலாக்கினோம். கடைசி ரீலில் ராஜினாமா செய்யவைத்துக் காப்பாற்றியதும் நாம்தான். பிறகு அவளை ஆடவைத்தோம். ஆடியதற்காக அவளை மனம் திருந்தவும் வைத்தோம். அப்புறம் தூய சினிமா வந்தது. முத்தம் கிடையாது, தொடுவது கிடையாது. போகப்போகப் பெண்ணே இல்லாமல்கூட முழுப் படம் எடுக்க முடிந்தது. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்! இப்பேர்ப்பட்ட வரலாறு உள்ள நாம், ஒரு பெண்ணை இருபத்திரண்டு நிமிடம் தனியாக விடுவதா? என் மனம் கேட்கவில்லை."

ஆறு பேரும் மேஜையைத் தட்டினார்கள். ஷுரூக் எழுந்துவிட்டாள்.

"டாக்டர், அவ தனியா இருக்கறதுதான் கதையே."

"அதைத்தான் மகளே நானும் சொல்றேன். கதைய மாத்து." பிரசங்க நடையை விட்டுக் கீழே இறங்கினார் தலைவர். "குவைத்துல ஒரு மகன வெச்சுக்கோ. செலவே இல்ல, ஒரு ஃபோன் மணி அடிச்சாப் போதும்."

"மகன் வேணாம்" என்றாள் இன்ஷிரா. சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று உடனே கூச்சப்பட்டாள்.

"சரி, செத்துப்போன புருஷன். சுவர்ல ஒரு படம்."

"வேணாம் டாக்டர்."

"ஒரு பூனையாவது இருக்கட்டும்" என்றார் இரண்டாவது உறுப்பினர். உடனே பூனை ஆணா பெண்ணா என்ற கேள்வி வந்தது. பெண் பூனை என்றால் அதற்கும் தனியாக ஆறாவது கேள்வி எழும் என்று மூன்றாமவர் எச்சரித்தார். ஆண் பூனை என்றால் அது அந்நிய ஆண் கணக்கில் வருமா என்று நாலாமவருக்குச் சந்தேகம். முக்கால் மணி நேரம் பூனை ஓடியது. இன்ஷிரா அந்தத் தொப்பிக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் போலிருந்தது, ஆனால் பெயர் தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது.

கடைசியில் தீர்மானம் இப்படி நிறைவேறியது: படம் எடுக்கும் வீட்டில் அந்தப் பெண் தனியாக இல்லை என்பதற்கான பொருட்களை வாரியமே கொடுத்து உதவும். ராகிப் நேரில் இருந்து பார்த்து, ஆறாவது கேள்விக்கு அங்கேயே விடை கண்டு எழுதுவார். விடை கிடைக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. இதற்கிடையில் வாரியத்தின் பெருந்தன்மையைக் காட்டும் வகையில் அன்னையர் தினத்தன்று இன்ஷிராவுக்குக் கேடயம் வழங்கப்படும்.

அன்னையர் தினம் இன்ஷிராவுக்கு வருடத்திலேயே நீளமான நாள். காலையிலிருந்து தொலைபேசி அடித்தபடியே இருக்கும். வானொலி, பத்திரிகை, சோப்புக் கம்பெனி எல்லோருக்கும் அம்மாவின் ஆசி வேண்டும். சொல்லி முடித்து வைத்தவுடன் அடுத்தது. சாயங்காலம் தொலைபேசி ஓய்ந்த பிறகு, அது ஏன் அடித்தது என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருடம் மேடை ஏற்றினார்கள். பின்னால் திரையில் அவள் மயங்கி விழும் காட்சிகள் வரிசையாக ஓடின, பதினேழு மயக்கம். இஸ்ஸத் வந்து குனிந்து அவள் கையை முத்தமிட்டு, "என்னைப் பெத்தவளே!" என்றான். நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதால் இன்ஷிராதான் தூக்கிவிட்டாள். கைதட்டல் அடங்கவில்லை. தாய்மை, தாய்மை என்று யாரோ கத்தினார்கள்.

"ரெண்டு வார்த்தை" என்று ஒலிபெருக்கியை நீட்டினார் டாக்டர் ஷவ்கத்.

"எனக்குப் பிள்ளை கிடையாது" என்றாள் இன்ஷிரா.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. "என்ன தியாகம் பார்த்தீங்களா! பெத்த பிள்ளை இல்லாமலே நமக்கெல்லாம் அம்மா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் டாக்டர்.

"நான் யாருக்கும் அம்மா இல்ல. எனக்கு ஒரு வேஷம் வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

இதற்கு இன்னும் பலமான கைதட்டல். அம்மாவின் அடக்கம் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. கேடயத்தையும் ஒரு பெரிய கேக்கையும் காரில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டார்கள். இருபது பேர் சாப்பிடக்கூடிய கேக். ஒரு துண்டு வெட்டித் தின்றுவிட்டு மீதியைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கிக் கடைக்காரருக்குக் கொடுத்தாள். கூடை காலியாக மேலே வந்தபோது அழுகை வந்தது. யாரும் பார்க்காத அழுகை என்பதால் எப்படி அழுவது என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

படப்பிடிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது. தோக்கி பகுதியில் ஷுரூக்கின் சிநேகிதி வீடு. ராகிப் ஒரு வண்டி நிறைய வாரியத்தின் பொருட்களோடு வந்து இறங்கினார். மீசை வைத்த ஏழு ஆண்களின் சட்டம் போட்ட புகைப்படங்கள், மூன்று ஜோடி ஆண் செருப்பு, முகச்சவர பிரஷ், குவைத் முத்திரை குத்திய கடிதக்கட்டு, கூண்டில் ஒரு ஆண் பூனை. பூனை கூண்டைத் திறந்ததும் சன்னல் வழியாகப் போய்விட்டது. தீர்மானத்தில் பூனை இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது, எவ்வளவு நேரம் என்று இல்லை. ஆகவே ராகிப் அதைச் சரி என்று குறித்துக்கொண்டார்.

"உஸ்தாத் ராகிப், இதெல்லாம் அறையில இருக்கணும், அவ்வளவுதானே? படத்துல தெரியணும்னு இருக்கா?" என்று கேட்டாள் ஷுரூக்.

ராகிப் தீர்மானத்தை இரண்டு தடவை வாசித்தார். "தெரியணும்னு இல்ல" என்றார்.

"நீங்க ரொம்ப நல்லவரு" என்று எல்லாவற்றையும் கேமராவுக்குப் பின்னால் அடுக்கிவிட்டாள். ஏழு மீசைக்காரர்களும் செருப்புகளும் ஒரு பக்கம், மேஜையும் ஒரே ஒரு நாற்காலியும் இன்னொரு பக்கம். மேஜைமேல் சோறு, முலூக்கிய்யாக் கீரைக் குழம்பு, பொன்னிறமாக வறுத்த முழுக் கோழி.

இன்ஷிரா உட்கார்ந்தாள். தோள் எதுவும் குறுக்கே இல்லை. கேமரா அவளையே பார்த்தது.

"எடுக்கலாம்" என்றாள் ஷுரூக்.

நிஃமத் கை கழுவின ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள். பிஸ்மில்லாஹ் சொன்னாள். கோழியைப் பிய்த்துக் கழுத்தை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"கட். மேடம், அது கழுத்து."

"ஆமா."

"முழுக் கோழி இருக்கே. எதுக்குக் கழுத்து?"

"தெரியலயே. சரி, மறுபடி எடு."

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை தொடையைத்தான் பிய்த்தாள். பிய்த்துத் தட்டில் வைக்காமல் கை நேராக எதிர்ப்பக்கம் நீண்டது. அங்கே தட்டு இல்லை, நாற்காலி இல்லை. தொடைக்கறியைப் பிடித்தபடி கை அந்தரத்தில் நின்றது. நாற்பத்து மூன்று படத்திலும் சாப்பாட்டுக் காட்சியில் இதுதான் நடந்திருக்கிறது. தொடை மகனுக்கு, நெஞ்சு புருஷனுக்கு, இறக்கை மருமகளுக்கு. எனக்குக் கழுத்துதான் பிடிக்கும் என்பது அம்மாவின் வசனம். வீட்டிலும் அவள் அப்படித்தான் சாப்பிடுகிறாள் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதிரே யாரும் இல்லாத மேஜையில், நல்ல துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வருடக்கணக்காகக் கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வாரியத்தின்மேல் வந்த கோபத்தைவிடத் தன் கையின்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

"ஷுரூக், எனக்குக் கழுத்து பிடிக்கவே பிடிக்காது தெரியுமா?" என்றாள்.

"அப்ப சாப்பிடாதீங்க மேடம்" என்று மெதுவாகச் சொன்னாள் ஷுரூக்.

நாலாவது தடவை சரியாக வந்தது. நிஃமத் தொடையை எடுத்தாள், தன் தட்டில் வைத்தாள், கடித்தாள். யாருக்குப் பிடித்திருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க முகம் எதுவும் எதிரே இல்லாததால் கண் ஒரு கணம் தடுமாறி, பிறகு சோற்றுக்கே திரும்பியது. எலும்பு வெளுக்கும்வரை நிதானமாகச் சாப்பிட்டாள். ஷுரூக் கட் சொல்லவே மறந்து நின்றாள். சொன்ன பிறகும் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. இன்ஷிராவுக்கு அது பிடித்திருந்தது.

ராகிப் படிவத்தோடு மேஜைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார்.

"அம்மா, இப்ப ஆறாவது கேள்விக்கு ஒரு வழி பண்ணணும். இல்லன்னா இவ்வளவும் வீண். என்னால ஒண்ணும் செய்ய முடியாது." மேஜையைச் சுற்றிப் பார்த்தார். கோழியிடம் அவர் கண் நின்றது. "அந்தப் பொம்பள ஒரு தொடைதான் சாப்பிட்டா. மீதிக் கோழி யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

"அவ்வளவுமா?"

"நாளைக்கு ஒரு பங்கு, நாளன்னைக்கு ஒரு பங்குன்னு வெச்சுக்குவா. தனியாச் சாப்பிட்டா ஒரு கோழி நாலு நாளைக்கு வரும்ப்பா."

"நாலு நாளா?" ராகிப் பென்சிலை நக்கினார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "நாலு நாள்னா நாலு பங்கு. நாலு பங்கு வெக்கிற வீட்ல நாலு பேரு. நாலு பேருன்னா குடும்பம், குடும்பம்னா அதுல ஒரு ஆம்பள இருந்துதானே ஆகணும்! குழுவுல யாரு வந்து எண்ணிப் பார்க்கப் போறா?" பரபரவென்று எழுதினார். ஆறாவது கேள்வி: குடும்பத் தலைவி, நால்வர். பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதிக் குத்தினார்.

ஷுரூக் ஓடிவந்து இன்ஷிராவைக் கட்டிக்கொண்டாள். "கெடச்சிருச்சு மேடம்! படம் வெளிய வருது! உங்க மூஞ்சிதான், முழுசா!"

இன்ஷிராவும் சிரித்தாள். படிவத்தை வாங்கி அந்த நால்வரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ராகிப் சந்தோஷத்தில் கோழியைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

"இத நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா."

"வேணாம்ப்பா" என்றாள் இன்ஷிரா. "வீட்ல ஒண்ணு இருக்கு. இன்னைக்கு மூணாம் நாள்."